மெத்தையில் மூன்று வளையம்

இதை எழுதலாமா விடலாமா என்று ஐந்து வருடமாக யோசித்திருக்கிறேன். ஒரு முறை அரைப் பக்கம் எழுதிக்கொண்டிருந்தபோது மனைவி வரும் சத்தம் கேட்டது. அதை மடித்துத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு அஸர் தொழப் போய்விட்டேன். ஸுஜூதில் நெற்றியைத் தரையில் வைத்தபோது தொப்பி விழுந்தது, காகிதமும் விழுந்தது. பக்கத்தில் நின்றவர் தொழுகை முடிந்ததும் எடுத்துத் தந்தார். அவர் அதை வாசிக்கவில்லை. கண்ணாடி இல்லாமல் அவருக்கு எழுத்துத் தெரியாது. அல்லாஹ் மனிதனின் மானத்தை எத்தனையோ வழியில் காப்பாற்றுகிறான். வெள்ளெழுத்தும் அதில் ஒன்று.

விஷயம் அப்படிப்பட்டது. நரைத்த தாடியோடு முதல் வரிசையில் நின்று தொழுகிறவன், தெருவில் நாலு பேர் ஸலாம் சொல்கிறவன், படுக்கை மெத்தையில் காய்ந்துபோன மூத்திரக் கறையைப் பற்றி எழுதுவதா? ஆனால் பிள்ளைகளின் போனில் நானும் பார்க்கிறேன். கறை போக்க ஆயிரம் வீடியோ இருக்கிறது. ஒரு பெண் சிரித்துக்கொண்டே வருகிறாள். நல்ல வெள்ளை விரிப்பில் வேண்டுமென்றே எதையோ ஊற்றி, வேறெதையோ தெளித்து, துடைத்துக் காட்டிவிட்டுப் போகிறாள். எல்லாம் சொல்கிறார்கள். கறையை யார் வைத்தது என்பதை மட்டும் ஒருவரும் சொல்வதில்லை. நான் அங்கேயிருந்து தொடங்குகிறேன். எங்கள் மெத்தையில் கறை வைத்தது நான். அதற்குப் பழி சுமந்தது என் பேத்தி. அவளுக்கு அப்போது நாலு வயது.

நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். பிறகு முப்பது வருடம் கைத்தறிச் சாரனுக்கு நூல் சாயம் போடுகிற பட்டறையில் வேலை செய்தேன். ஒரே மகள். எங்கள் பக்கத்து முறைப்படி, மகளுக்குக் கலியாணம் என்றால் வீடு மகளுக்கு. மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பார். பெற்றவர்கள் பின்னறைக்குப் போவார்கள். நாங்களும் சந்தோஷமாகப் போனோம். சந்தோஷமில்லாவிட்டாலும் போகத்தான் வேண்டும் என்பதால், சந்தோஷமாகப் போவதே மரியாதை.

எங்களுக்குப் பின்னால் மெத்தையும் பின்னறைக்கு வந்தது. மகளின் கலியாணத்துக்காக இலவம் பஞ்சு வாங்கி, ஆள் பிடித்து, முற்றத்திலேயே அடைத்துத் தைத்த மெத்தை. சிவப்புக் கோடு போட்ட உறை. இரண்டு வருடத்தில் மருமகனுக்கு முதுகு நோகிறது என்று ஸ்பிரிங் மெத்தை வாங்கினார்கள். எங்கள் வீட்டில் ஒரு பொருள் மாப்பிள்ளைக்கு ஆகாது என்றால், அது மாமா மாமிக்கு மிகவும் பொருத்தமானது என்று அர்த்தம்.

மகளுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்ததும் மூத்தவளும் எங்கள் அறைக்கு வந்தாள். சுவர்ப் பக்கம் மனைவி, நடுவில் பேத்தி, கதவுப் பக்கம் நான். இந்த ஒழுங்கை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, விடியற்காலை ஸுபஹ் பாங்குக்குச் சற்று முன் கண் விழித்தேன். சாரன் ஈரமாக இருந்தது. முதலில் தண்ணீர்ப் போத்தல் சரிந்துவிட்டது என்று நினைத்தேன். அந்த நாட்களில் எனக்கு ஓயாத தாகம். தலைமாட்டில் ஒரு போத்தல் வைத்துக்கொண்டுதான் படுப்பேன். போத்தல் நிமிர்ந்து நின்றது. நான்தான் சரிந்திருந்தேன்.

அறுபத்திரண்டு வயது மனிதன் இருட்டில் தன் சாரனைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது என்ன யோசிப்பான் என்று கேட்டால், மார்க்கத்தை யோசிப்பான் என்று சொல்ல ஆசைதான். நான் மருமகனை யோசித்தேன். அவர் வீட்டில், அவர் மெத்தையில். கிணற்றடியில் குளித்துச் சாரனை அலசிப் போட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனேன். திரும்பி வந்தபோது தீர்ப்பு எழுதி முடிந்திருந்தது.

"இஞ்சருங்க," என்றாள் மனைவி, "உங்கட செல்லம் செஞ்சிரிக்கிற வேலையப் பாத்தயளா? மெத்த முழுக்கக் குளம்."

பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றது. ஈரம் பரவி அவள் சட்டையிலும் பட்டிருந்தது.

"சின்னப் புள்ளதானே, உடு," என்றேன்.

கவனியுங்கள், நான் பொய் சொல்லவில்லை. அவள் சின்னப் பிள்ளை என்பது உண்மை. விடு என்பது நல்ல வார்த்தை. இரண்டு நல்ல விஷயங்களை அடுக்கி ஒரு முழுப் பொய்யைக் கட்டலாம் என்று அன்றைக்குத்தான் படித்தேன். அதற்கு எட்டாம் வகுப்புப் படிப்பே தாராளம்.

ஐந்தாறு நாள் கழித்து மறுபடியும் நடந்தது. இந்த முறை பிள்ளை மூத்தம்மாவின், அதாவது என் மனைவியின், முதுகோடு ஒட்டிச் சுவர்ப் பக்கம் ஒதுங்கிக் கிடந்தாள். ஈரம் முழுக்க என் பக்கம். அவள் மேல் ஒரு சொட்டும் இல்லை.

இந்த இடத்தில்தான் ஐந்து வருடமாகப் பேனா நின்றுவிடுகிறது. அல்லாஹ்வை முன்னிறுத்தி எழுதுகிறேன். நான் அவளை இரண்டு கையாலும் தூக்கினேன். தூக்கி, என் ஈரத்தில் கொண்டுவந்து வைத்தேன். அவள் தூக்கத்திலேயே என் கழுத்தைக் கட்டிப் பிடித்தாள். அந்தக் கையை மெல்லக் கழற்றிவிட்டுக் குளித்து, வெள்ளைச் சாரன் உடுத்து, அத்தர் பூசிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். முதல் வரிசையில் இடம் கிடைத்தது.

அதன் பிறகு வீடு முழுவதும் அந்தப் பிள்ளையைத் திருத்தும் வேலையில் இறங்கியது. பின்னேரம் அஸருக்குப் பிறகு அவளுக்குத் தண்ணீர் இல்லை என்று மகள் சட்டம் போட்டாள். அவள் படுக்கிற இடத்தில் ஒரு ரப்பர் சீட்டை விரித்தார்கள். புரண்டால் சரசரவென்று சத்தம் போடும், பிள்ளை திடுக்கிட்டு விழிக்கும். பக்கத்து வளவில் இருக்கிற மனைவியின் தங்கை, என் மச்சினி, யாரிடமோ போய்த் தண்ணீர் ஓதிக்கொண்டு வந்தாள். படுக்கையில் தண்ணீர் போவதை நிறுத்த, ஒரு போத்தல் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஓதியதில் குறையில்லை. குடித்த ஆள்தான் பிழை.

மச்சினிக்கு ஊரில் ஒரு காணி வயலும் இல்லை. ஆனால் நீர்ப்பாசனத்தில் ஒரு எஞ்சினியர் அளவுக்குப் பேச்சு இருந்தது. காலையில் வேலிக்கு மேலால் தலை நீட்டி, "என்ன வாய்க்கால், இண்டைக்குக் கதவு துறந்தயா?" என்று பிள்ளையைக் கேட்பாள். முதல் நாள் பிள்ளையும் சேர்ந்து சிரித்தாள். இரண்டாம் நாள் என் சாரனுக்குப் பின்னால் ஒளிந்தாள். ஒளிவதற்கு இந்த உலகத்தில் அவளுக்கு வேறு இடம் கிடைக்கவில்லை.

ஒரு நாள் அந்தியில் மஃரிபுக்குப் பிறகு நான் போத்தலைச் சரித்துக் குடிப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"மூத்தாப்பா, ஒரு முடறு."

"உம்மா ஏசுவா, புள்ள," என்றேன், குடித்து முடித்துவிட்டு.

மூன்றாவது முறையும் ஆயிற்று. ரப்பர் சீட்டைத் தாண்டி உருண்டிருக்கிறாள் என்றார்கள். அதற்குள் முதல் கறை நன்றாகக் காய்ந்து மஞ்சளாகி, ஓரம் தேன் நிறமாகி விட்டது. கறையைச் சுத்தம் செய்கிற பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். வேறு யாரும் மெத்தையை அதிகம் உற்றுப் பார்க்கக் கூடாதே.

"பாருங்க ராத்தா," என்றாள் மச்சினி தன் அக்காவிடம். "பேத்தியிட மூத்திரத்தக் கழுவுற மூத்தாப்பா இந்த ஊரில ஆரு இரிக்கா? என்ட வீட்டு மனிசன் தான் தின்ட கோப்பையையே கழுவுறல்ல."

மனைவிக்குப் பெருமை. எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

இனி என் கைத்திறனைச் சொல்கிறேன். பட்டறையில் சாயத் தொட்டியில் வேலை செய்தவனுக்குத் துணியைப் பற்றி ஒருவர் வகுப்பு எடுக்கத் தேவையில்லை, பாருங்கள். மகள் தேசிக்காய்ச் சாறு என்றாள், மச்சினி சாம்பல் என்றாள். இருவரையும் தள்ளி நிற்கச் சொன்னேன். மெத்தையை முற்றத்தில் போட்டு, பெரிய கிடாரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்தேன். இரண்டு கை உப்பு அள்ளிப் போட்டேன். வினாகிரி ஒரு கோப்பை. கொதிக்கக் கொதிக்கக் கறையின் மேல் ஊற்றி, ஊறவிட்டு, பிறகு பிரஷ்ஷால் தேய்த்தேன்.

வெயிலில் காய்ந்த பிறகு பார்த்தேன். மஞ்சள் மண்ணிறமாகி, உறையின் நூலுக்குள் போய் உட்கார்ந்திருந்தது. என்ன செய்தேன் என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. உப்பும் கொதிநீரும் போடுவது சாயம் போகாமல் இருக்க. முப்பது வருடமாக நிறத்தை நூலில் பிடிக்க வைத்துச் சம்பளம் வாங்கிய கை, பழக்கத்தில் அதே வேலையைச் செய்துவிட்டது. என் மூத்திரத்துக்கு நானே கெட்டிச் சாயம் போட்டிருந்தேன். பட்டறையில் இவ்வளவு கெட்டியான நிறம் எனக்கு ஒரு நாளும் வாய்க்கவில்லை.

மூன்று வளையம், ஒன்றுக்குள் ஒன்று. கோடையில் குளம் வற்றும்போது கரை கரையாகத் தெரியுமே, அப்படி.

இதற்கிடையில் நான் மார்க்கத்தையும் விட்டுவிடவில்லை. பள்ளி மௌலவியை ஓரமாகக் கூப்பிட்டு, "எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆளுக்கு" என்று தொடங்கினேன். தெரிந்த ஒரு ஆளுக்குத் தூக்கத்தில் சிறுநீர் போகிறது, குளித்து உடுப்பு மாற்றித்தான் பள்ளிக்கு வருகிறார், தொழுகை கூடுமா?

மௌலவி என் மகனாக இருக்கக்கூடிய வயது. ஆனாலும் மரியாதைக்கு அண்ணன் முறை வைத்துக் காக்கா என்றுதான் கூப்பிடுவார். "கூடும்," என்றார். "ஆனா அந்த ஆள டொக்டரிட்டப் போகச் சொல்லுங்க, காக்கா. இது மௌலவிமாருக்குக் குடுக்கிற நேரத்த டொக்டருக்குக் குடுக்கிற விசயம்."

"சொல்றன்."

"ஊட்டில இதால ஆருக்கும் கரச்சல் இல்லயே?"

"இல்ல," என்றேன். முழுப் பொய். பள்ளிக்குள் நின்று சொன்னது. அதுவரை பாதிப் பாதியாகச் சொல்லி வந்த எனக்கு, அன்று வாய் நன்றாகத் திறந்துவிட்டது.

பெருநாளுக்கு நாலு நாள் இருந்தது. மருமகனின் ஊர் நிந்தவூர். பெருநாளுக்கு முதல் நாள் பேத்தி அங்கே போய், வாப்பாவின் உம்மா வீட்டில் இரண்டு இரவு தங்குவாள். அவளுக்கு வருடத்தில் அதுதான் பெரிய விஷயம். அங்கே அவள் வயதில் நாலு பிள்ளைகள், ஒரு ஆட்டுக்குட்டி, கடலுக்குப் போகிற ஒழுங்கை. ஒரு பையில் தன் சட்டைகளை ஒரு கிழமைக்கு முன்பே அடுக்கி வைத்திருந்தாள்.

மகள் அந்தப் பையைப் பிரித்துச் சட்டைகளை வெளியே எடுத்தாள். "இந்த முறை போகேலா. மாமி புது மெத்த வாங்கிரிக்காவாம். அதயும் நனச்சிட்டு வந்தா என்ட மானம் போயிரும். பகலைக்குப் போய்ட்டு வாப்பாவோட திரும்பி வா."

பிள்ளை அழவில்லை. நான் அழுகையை எதிர்பார்த்துக்கொண்டு நின்றேன். அழுதால் "உடு, புள்ள பாவம்" என்று ஒரு நல்ல வார்த்தை சொல்லித் தப்பலாம் என்று. அவள் சட்டைகளை வாங்கி ஒவ்வொன்றாக அலுமாரியில் திருப்பி வைத்தாள்.

அடுத்த நாள் ஸுபஹ் தொழுதுவிட்டு வருகிறேன். முற்றம் வெளுத்திருந்தது. பின்கதவடியில் அவள் நிற்கிறாள். ஒரு கையில் சின்னக் கோப்பை, அதற்குள் பாதித் தேசிக்காயும் கொஞ்சம் உப்பும். மற்றக் கையால் தன் சட்டையின் முன்பக்கத்தைச் சுருட்டிப் பிடித்திருந்தாள்.

"மூத்தாப்பா," என்றாள் குசுகுசுவென்று, "இண்டைக்கும் செஞ்சிட்டன். உம்மாட்டச் சொல்லாதீங்க. நான் கழுவுறன்."

உள்ளே போய்ப் பார்த்தேன். அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. மெத்தை உலர்ந்து கிடந்தது, விரிப்பு உலர்ந்து கிடந்தது. அவள் சட்டையைத் தொட்டேன். அதுவும் உலர்ந்துதான் இருந்தது.

"காஞ்சிரிக்கே, புள்ள. நீ ஒண்டும் செய்யல்ல."

"இப்ப காஞ்சிரிக்கும். மறுகா வரும்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "எனக்குத் தெரியாமத்தான் நான் செய்றன், மூத்தாப்பா. நான் நித்திர கொள்ளாம இரிந்து பாத்தன். அப்பவும் வந்திரிக்கும்."

என் அறுபத்திரண்டு வயதில் நான் கேட்ட பயான்கள் கணக்கில்லாதவை. ரமழான் முழுக்க விடியும்வரை உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். அவை எல்லாம் சேர்ந்து செய்யாத வேலையை அந்தக் கோப்பை செய்தது. மூன்று முறை நான் செய்ததை அவள் ஒரு முறையும் செய்யவில்லை. ஆனால் செய்ததாக நம்பிவிட்டாள். கறையை அவளுக்குள்ளும் நான் கெட்டிச் சாயமாகப் போட்டுவிட்டேன்.

காலைத் தேத்தண்ணிக்கு எல்லாரும் இருந்தார்கள். மருமகன், கைப்பிள்ளையோடு மகள், மனைவி, கேட்காமலே வேலியைத் தாண்டி வந்திருந்த மச்சினி.

"மெத்தைய நனச்சது நான்," என்றேன்.

ஒருவரும் தலையை உயர்த்தவில்லை. மனைவி மட்டும், "என்னத்த நனச்சயள்?" என்றாள்.

"மூத்திரம். மூண்டு முறையும் நான்தான். புள்ள இல்ல."

மருமகன் தேத்தண்ணியைக் கீழே வைத்தார். பிறகு மச்சினியின் கண் கலங்கியது. "யா அல்லாஹ்! ராத்தா, பாருங்க. புள்ளைய நிந்தவூருக்கு அனுப்புறதுக்காகத் தன்ட தலையில போட்டுக்கொள்றார். மச்சான், உங்கட மனசு ஆருக்கு வரும்?"

மகளும் எழுந்து வந்து என் தோளைத் தொட்டாள். "வாப்பா, அவளுக்காக நீங்க பொய் சொல்லத் தேவல்ல."

இப்படி ஒரு இக்கட்டை நான் எதிர்பார்க்கவில்லை. பொய்யை வைத்து நான் சம்பாதித்த நல்ல பெயர் அவ்வளவு உறுதியாக நின்றது. உண்மை வந்து தட்டினால் உள்ளே விடவில்லை. இன்னும் இரண்டு நிமிடம் வாயைப் பொத்திக்கொண்டிருந்தால் என்னை மகான், அவுலியா என்று ஆக்கியிருப்பார்கள். உள்ளதைச் சொல்கிறேன், அந்த இரண்டு நிமிடமும் எனக்கு ஆசையாகத்தான் இருந்தது.

"எழும்புங்க எல்லாரும்," என்றேன். "வாங்க முத்தத்துக்கு."

மெத்தையை இழுத்து வந்து மணலில் போட்டேன். விரிப்பை உருவினேன். தலைமாட்டில் தலையணைகளை வைத்தேன். "இது சுவர்ப் பக்கம், இது கதவுப் பக்கம்," என்றேன். பிள்ளையைக் கூப்பிட்டு, அவள் இடத்தில், தலையணையில் தலை வைத்துப் படுக்கச் சொன்னேன். படுத்தாள். அவள் இடுப்பு வளையத்தின் மேல் ஓரத்துக்கு எட்டவில்லை. வளையமும் நடுவில் இல்லை, என் பக்கம்.

"புள்ளையள் உருண்டு புரண்டு படுப்பாங்கதானே," என்றாள் மகள்.

"உருளுற புள்ள மூண்டு தரமும் ஒரே இடத்திலயா வந்து நிக்கும்?" என்றேன். பிறகு, காலை எட்டு மணி வெயிலில், மருமகனுக்கும் மச்சினிக்கும் முன்னால், என் தலையணையில் தலை வைத்து மல்லாந்து படுத்தேன். மூன்று வளையமும் எனக்கு அளவெடுத்துத் தைத்தது போல இடுப்புக்குக் கீழே வந்து பொருந்தின.

மெத்தையில் படுத்தபடி எல்லார் முகத்தையும் கீழேயிருந்து பார்த்தேன். மச்சினிக்கு வாழ்நாளில் முதல் தடவையாகப் பேச்சு வரவில்லை.

மனைவிதான் பேசினாள். "ரெண்டாம் முறை நான் எழும்பிப் பாக்கக்குள்ள, அவள்தான் உங்கட இடத்தில கிடந்தாள். என்ட கண்ணால கண்டன்."

"நான்தான் தூக்கி வெச்சன்," என்றேன்.

அதைக் கேட்டதும் அவள் திரும்பிக் குசினிக்குள் போய்விட்டாள். மகள் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். கைப்பிள்ளையை ஒரு பக்கமும் இவளை ஒரு பக்கமுமாக, என்னைப் பார்க்காமல் நின்றாள்.

மருமகன் குந்தி உட்கார்ந்தார். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "மாமா," என்றார், "தண்ணி கூடக் குடிக்கிறயள். மெலிஞ்சும் போனயள். நாங்க ஆரும் அதப் பாக்கல்ல. எழும்புங்க, சட்டையப் போடுங்க. டொக்டரிட்டப் போவம்."

சீனி வருத்தம். இரத்தத்தில் சீனி எங்கேயோ ஏறிக் கிடந்தது. இன்னும் கொஞ்சம் பிந்தி வந்திருந்தால் கண்ணோ காலோ போயிருக்கும் என்றார் டொக்டர். மௌலவி சொன்னதையும் அவரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "அந்த ஆள் இன்னும் ரெண்டு கிழமைக்கு முன்னுக்கு வந்திரிக்கலாம்," என்றார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், பிள்ளையின் இடத்தில் கிடந்த ரப்பர் சீட்டு என் பக்கம் மாறியிருந்தது. மனைவி விரித்தது. மூன்று நாள் அவள் என்னோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. நான் புரண்டபோதெல்லாம் அந்தச் சீட்டுத்தான் அவளுக்காகக் கதைத்தது.

கறை விஷயத்தையும் முடித்து வைக்கிறேன், அதற்காகவும் வாசிப்பவர்கள் இருப்பீர்கள். சுடுதண்ணீர் வேண்டாம். ஈரமாக இருக்கும்போதே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். தேய்த்தால் உள்ளே இறங்கும். காய்ந்துவிட்டால், பச்சைத் தண்ணீரும் வினாகிரியும் சரிபாதி கலந்து, தெளித்து ஒற்றுங்கள். ஊற்றாதீர்கள், இலவம் பஞ்சு குடித்துவிட்டால் உக்கிப் போகும். அதன் மேல் அப்பச் சோடா தூவி, நன்றாக உலர்ந்த பிறகு தட்டி எடுங்கள். வாடை அதிலேயே போய்விடும். பழைய மஞ்சளுக்கு, புண் கழுவ மருந்துக் கடையில் விற்கிற பெரொக்சைட் கொஞ்சம், ஓரத்தில் தொட்டுப் பார்த்துவிட்டுப் பூசலாம். நிறத் துணியை அது வெளுக்க வைக்கும். மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும். பெரொக்சைட்டை வினாகிரியோடு கலக்க வேண்டாம். இவ்வளவும் மகள் செய்தது. இரண்டு வளையம் மங்கிவிட்டன. நான் கொதிநீரை அதிகம் ஊற்றிய உள் வளையம் போகவில்லை. அந்த மெத்தையில்தான் இன்றைக்கும் படுக்கிறேன்.

பேத்தி பெருநாளுக்கு நிந்தவூர் போனாள். பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றவளிடம் குந்தி உட்கார்ந்து, "நான் உனக்குப் பிழ செஞ்சிட்டன் மகள், என்ன மாப்புச் செய்," என்றேன். பெருநாளைக்கு முன் எல்லாரிடமும் கேட்கிறதுதான். ஆனால் மற்றவர்களிடம் கேட்கும்போது எதற்கென்று தெரியாமல் கேட்போம்.

அவள் யோசித்தாள். "சரி. ஆனா அஸருக்குப் பொறகு நீங்க தண்ணி குடிக்கப்படா."

நியாயமான தீர்ப்பு. டொக்டர் அனுமதித்த அளவுக்கு அனுசரித்தேன்.

ஊருக்கு விஷயம் அன்றைக்கு மதியம் லுஹருக்குள் போய்ச் சேர்ந்தது. மச்சினிக்குப் பேச்சு திரும்பியிருந்தது. பள்ளியில் ஒருவர் என்னைக் கட்டிப் பிடித்து, பாரிசவாதம் எந்தப் பக்கம் என்று கேட்டார். இன்னொருவர், மருமகன் வீட்டை விட்டு இறக்கிவிட்டது உண்மையா என்றார். வெள்ளிக்கிழமைக்குள் ஊர் வாயில் நான் இரண்டு முறை ஆஸ்பத்திரியிலும் ஒரு முறை முழுதாகவும் முடிந்திருந்தேன்.

பெருநாளுக்குப் பிறகு மௌலவியிடம் போய், அந்தத் தெரிந்த ஆள் நான்தான் என்று சொன்னேன். அது தனக்கு முன்பே தெரியும் என்று அவர் சொல்லவில்லை; முகத்தை மட்டும் கீழே போட்டுக்கொண்டார். பிள்ளை மாப்புச் செய்துவிட்டாள் என்று சந்தோஷமாகச் சொன்னேன். அவர் தயங்கினார்.

"காக்கா, சின்னப் புள்ள குடுக்கிற மாப்பு மாப்பில சேராது. தன்ட உரிமைய உட்டுக்குடுக்கிற வயசு அவளுக்கு இன்னும் வரல்ல. அவள் பருவத்துக்கு வந்த பொறகு நீங்க திரும்பக் கேக்கணும்."

இப்போது அவளுக்கு ஒன்பது வயது. அந்தக் கதையே அவளுக்கு ஞாபகம் இல்லை. மச்சினி எப்போதாவது தொடங்கினால் மகள் ஒரு பார்வையில் நிறுத்திவிடுகிறாள். எனக்குச் சீனி ஏறுகிறது, இறங்குகிறது. அவள் பருவத்துக்கு வரும் நாளில் நான் இருப்பேனா என்று எனக்குத் தெரியாது. அதனால்தான் எழுதினேன்.

இதை வாசிக்கிறவர்கள் மற்றவர்களுக்கும் கொடுங்கள். ஆனால் உள்ளபடி கொடுங்கள். எங்கள் ஊரில் ஒரு கதை இரண்டு தெரு தாண்டினால் அதற்குக் கையும் காலும் முளைத்துவிடும். என்னை உயிரோடு அடக்கிய ஊர் இது. இரக்கப்பட்டும் மாற்ற வேண்டாம். நோயாளி, பாவம், அவருக்குத் தெரியாமல் நடந்தது என்று ஒரு வரியையும் சேர்க்காதீர்கள். ஈரமானது எனக்குத் தெரியாமல் நடந்தது. அவளைத் தூக்கி வைத்தது தெரிந்து நடந்தது. என்றாவது இது அவள் கைக்குப் போனால், அவள் என் கழுத்தைக் கட்டிப் பிடித்த இடம் உட்பட முழுதாகப் போகட்டும். வாசித்துவிட்டு அவள் சொல்வதுதான் எனக்குக் கணக்கு. அப்போது நான் கேட்க ஏலாத இடத்தில் இருந்தாலும் அவள் சொல்லட்டும்.